பொடக்காலியில் பதினாறு மெரூன் பைகள்

திருப்பூர்க்காரனிடம் ஒரு துணியைக் காட்டி, "இது சாயம் போகுமா?" என்று கேட்பது வீண்வேலை. அடுத்தவன் துணி என்றால் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே "போகும்" என்பான். தன் துணி என்றால், சாயம் அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் "போகாதுங்க" என்பான். நான் அசல் திருப்பூர்க்காரன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பதினான்கு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். (மெர்ச்சண்டைசர் என்றால், வெளிநாட்டுக்காரன் கேட்பதை இங்கே இருப்பவர்களிடமும், இங்கே முடியாததை வெளிநாட்டுக்காரனிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன்.) அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக இருபது மெஷின் போட்டு யூனிட் தொடங்கினேன். ஆறு மாதம் அல்லாடிய பிறகு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் கைக்கு வந்தது. குழந்தைகளுக்கான டி-ஷர்ட். துணி மெரூன், காலர் மட்டும் வெள்ளை. அது நல்லபடியாகப் போனால் யூனிட் நிற்கும். இல்லாவிட்டால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

துணி சாயப்பட்டறைக்குப் போயிருந்த நேரம். எனக்குக் கையும் காலும் சும்மா இருந்தன. அப்போது பார்த்து என் மனைவி கவிதா ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏனுங்க, பொடக்காலில சித்த உக்காந்து காப்பி குடிக்கறாப்ல ஒரு எடம் இருந்தாத் தேவலைங்க. ரெண்டு சேரு, நாலு தொட்டி. அவ்வளவுதான்."

எங்கள் பக்கம் வீட்டின் பின்புறத்தைப் பொடக்காலி என்போம். எங்கள் பொடக்காலியில் ஒரு துவைக்கிற கல், கொடிக்கயிறு, காலி கேஸ் சிலிண்டர், எதற்கும் இருக்கட்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த உடைந்த பைப்புகள் எல்லாம் குடியிருந்தன. அவள் கேட்டது நாலு தொட்டி. நாலு தொட்டியை வாங்கி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் செல்போனில் மூன்று நாள் வீடியோ பார்த்துவிட்டு, "பொடக்காலி இல்ல கவிதா, இனி அது பேட்டியோ" என்றேன். (வீட்டை ஒட்டிச் செடி வைத்து உட்காருகிற இடத்துக்கு வெளிநாட்டுக்காரன் வைத்த பெயர்.)

அடுத்த நாள் பேட்டியோவுக்கு ஒன்பது பக்கத்தில் ஒரு ஸ்பெக் ஷீட், அதாவது அளவுக் குறிப்பு, தயாரித்தேன். செடியின் உயரம், அகலம், ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் இடைவெளி, கூடினாலும் குறைந்தாலும் அரை இஞ்சுக்கு மேல் போகக்கூடாது என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருந்தன. செடிகளை ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பிரித்திருந்தேன். கவிதா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மீதி எட்டையும் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நர்சரிக்குப் போனபோது ஆர்டரின் மெரூன் துணித் துண்டைக் கையோடு கொண்டுபோனேன். "இந்தக் கலருக்கு மேட்ச் ஆகற பூவு வேணுங்க" என்று நர்சரிக்காரரிடம் நீட்டினேன். அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூத்தாத்தானுங்க கலர் தெரியும்."

"பாக்காம எப்படிங்க அப்ரூவல் குடுக்கறது?"

"அப்ப நீங்க துணிக்கடைக்குத்தானுங்க போகோணும்" என்றார், மரியாதை ஒரு துளி குறையாமல்.

கொத்தனாரை வைத்துத் தரையைப் பூசி, ரெட் ஆக்சைடு அடித்து, செக்கச்செவேல் என்று ஆக்கினேன். (இந்தச் சிவப்புத் தரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தலையெழுத்தில் பாதி அதில்தான் இருந்தது.) ஏழரை அடி உயரத்தில் இரும்புப் பைப்பால் ஒரு சட்டம் போட்டேன். அதில் செடிகளை வரிசையாகத் தொங்கவிடுவது என் திட்டம். தொட்டி எத்தனை வாங்கலாம் என்று கவிதா கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. பனியன் துணிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் தொட்டி வாங்கக் கடைக்குப் போவானா? பனியன் துணி மெஷினிலிருந்து குழாய் மாதிரிதான் வரும். ஒரு பக்கம் மூடித் தைத்துவிட்டால் பை. உள்ளே மண்ணைப் போட்டால் தொட்டி. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை வருடம் இந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு என்மேலேயே பெரிய மரியாதை வந்தது.

அந்த வாரம்தான் முதல் லாட் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தது. கூடவே, லேபிலிருந்து ரிப்போர்ட்டும் வந்தது. துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்து, வெள்ளையில் எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். அதை அளக்க ஓர் அட்டை உண்டு, கிரே ஸ்கேல் என்று பெயர். ஐந்து என்றால் கறையே இல்லை, ஒன்று என்றால் கதை முடிந்தது. நாலு வேண்டும். என் துணிக்கு இரண்டு போட்டிருந்தார்கள்.

"லேப் தப்பு" என்றேன். யோசிக்கவே இல்லை. என் கர்ச்சீப்பை எடுத்துத் துணிமேல் மூன்று தடவை தேய்த்தேன். (ஈரம் இல்லாத கர்ச்சீப், ஈரம் இல்லாத துணி.) ஒன்றும் ஒட்டவில்லை. "பாத்தியா?" என்று கவிதாவிடம் காட்டினேன். அவள் "தண்ணில நனச்சுப் பாருங்க" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விருப்பமில்லை.

வெளிநாட்டுக்காரன் சார்பில் ஆர்டர் கொடுத்த ஏஜென்ஸிக்குப் போன் போட்டு மல்லுக்கு நின்றேன். கடைசியில், அவர்களுடைய குவாலிட்டிக்காரர் ஆறுமுகம் சாரே நேரில் வந்து, தன் கையால் துணியை வெட்டி எடுத்து மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்புவதாக முடிவானது. ஆறுமுகம் சாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். திருப்பூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. எந்த வெயிலிலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"சார், வார புதன்கிழமைக்கு அடுத்த புதன் வாரேன். அதுலயும் ரெண்டு வந்துச்சுன்னா ஆர்டர வேற யூனிட்டுக்கு மாத்திருவாங்க. பொறவு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது, பாத்துக்கிடுங்க."

"என்ற துணில ஒரு சொட்டுச் சாயம் போகாதுங்க சார். மத்தியானம் நம்ம ஊட்டுலதான் சாப்பாடு" என்றேன். எங்கள் ஊரில் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் அது பெரிய குற்றம். போதாக்குறைக்கு, பேட்டியோவில் உட்காரவைத்து நாட்டுக்கோழிக் குழம்பும் எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகையும் போட்டால் மனிதர் இளகிவிடுவார் என்று எனக்கு ஒரு கணக்கு.

சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பை தைக்கத் துணி வேண்டும். யூனிட்டில் எதிரிலேயே அந்த மெரூன் லாட்டின் ரோல் கடைசித் துண்டுகள் கிடந்தன. ஆமாம், அதே துணிதான். சாயம்தான் போகாதே, பிறகென்ன.

யூனிட்டின் சீனியர் டெய்லர் மணியக்கா. அவரிடம் பதினாறு பைக்கு அளவு கொடுத்தேன். பை பன்னிரண்டு இஞ்சு வேண்டும். ஆனால் பனியன் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் சுருக்கத்துக்கு ஒரு இஞ்சு சேர்த்துப் பதின்மூன்று இஞ்சு போட்டிருந்தேன்.

மணியக்கா துணியைக் கையில் இழுத்துப் பார்த்தார். "தம்பி, இது சுருங்காதுங்க. தொங்குமுங்க."

"பதினாலு வருசமாப் பாக்கறனுங்க்கா. தண்ணி பட்டாச் சுருங்கும்."

"தொவச்சுக் காயப்போட்டாச் சுருங்குமுங்க. நீங்க மண்ணப் போட்டுல்ல தொங்கவுடறீங்க."

"அளவுப்படி தைங்கக்கா" என்றேன். அவர் தைத்தார். தைக்கிற நேரம் முழுக்கப் பக்கத்து மெஷின்காரப் பெண்ணிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சினிமாக் கதை என்று நினைத்தேன்.

பதினாறு பையிலும் செம்மண்ணும் தேங்காய் நாரும் கலந்து போட்டு, பெட்டூனியா, மணி பிளான்ட், புதினா, துளசி எல்லாம் நட்டு, சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டேன். பையின் அடிப்பாகம் தரையிலிருந்து சரியாக ஆறடி. தண்ணீர் ஊற்றினேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் செடி கருகிவிடும். எனவே, நாலு நாளைக்கு ஒரு முறை வரும் ஆற்றுத் தண்ணீரை ஊற்றினேன். குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீர் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, கவிதா குடங்களை எண்ணி வைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் காலை இஞ்சு டேப்போடு போய் அளந்தேன். பதினாறு இஞ்சு. டேப் தப்போ என்று வேறு டேப் எடுத்து வந்தேன். அதுவும் பதினாறு. ஐந்தாம் நாள் பத்தொன்பது. புடலங்காய்க்குக் கல்லைக் கட்டிவிட்டது போல, பதினாறு பையும் ஒல்லியாகி நீண்டு இறங்கிக்கொண்டிருந்தன. நான் பொறுமையாகப் பதினாறு கயிற்றையும் அவிழ்த்து, மேலே ஏற்றிக் கட்டினேன். மறுநாள் மறுபடி இறங்கின. மறுபடி ஏற்றினேன். தினமும் விடிந்ததும் பல்லைக்கூட விளக்காமல் ஸ்டூல் மேல் ஏறி நிற்பது என் பிழைப்பாகிப் போனது. செடி வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, செடியை விட்டுப் பையை வளர்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கு நடுவில் கவிதா வேறு. ஒரு நாள் காலை, வெள்ளை குண்டா ஒன்றைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராக நீட்டினாள். அடியில் சிவப்புத் தண்ணீர்.

"ராத்திரி தெரியாம துளசிப் பைக்குக் கீழ வெச்சுட்டனுங்க. சாயம் போகுதுங்க."

"அது செம்மண்ணு" என்றேன்.

"செம்மண்ணு இந்தக் கலர்ல இருக்குமுங்களா?"

"செம்மண்ணு அப்படித்தான் இருக்கும்."

இரண்டு நாள் கழித்து, எங்கள் மகள், பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸ் இளஞ்சிவப்பாகிவிட்டது என்று வந்து அழுதாள். கொடியில் காயும்போது பை சொட்டியிருக்கிறது. "செம்மண்ணு" என்றேன். தரை ஏற்கனவே சிவப்பு என்பதால், அதில் சொட்டுவது தெரியவில்லை. தெரியவில்லை என்றால் சொட்டவில்லை என்பது என் முடிவு. வீட்டுக்குள் எல்லோரும் சேர்ந்து என் ஆர்டருக்கு எதிராகச் சதி செய்வதாகவே எனக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தப் பயத்தை ஒப்புக்கொண்டால், லேப் சொன்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நான் தயாராக இல்லை.

புதன்கிழமை வந்தது. ஏற்றிக் கட்டக் கயிறு மிச்சமில்லாமல், பைகள் தோள் உயரத்துக்கு இறங்கியிருந்தன. காலையில் கவிதா கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு அவுத்துக் கீழ வெச்சரலாமுங்க. அவரு போனப்பொறவு கட்டிக்குங்க."

"ஆறுமுகம் சாரு வெறும் பைப்பப் பாக்கறதுக்கா வர்றாரு?" என்றேன். செடிகள் பசேல் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, வழக்கத்தைவிட இரண்டு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன். கெரகம் ஏறி உட்கார்ந்துகொண்டால், தண்ணீரைக்கூட நாமே கொண்டுவந்து ஊற்றுவோம்.

ஆறுமுகம் சார் யூனிட்டில் துணியை வெட்டி எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைத்தது. பேட்டியோவைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பத்மஸ்ரீ. நான் பூரித்துப்போய், செடிகள் நன்றாகத் தெரிகிற மாதிரி, வரிசைக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்தேன். (முதுகு காட்டி உட்கார்ந்தவருக்குச் செடி எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்த எனக்கு அவரும் செடியும் ஒரே படத்தில் தெரிந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.)

கோழிக்குழம்பு அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் ஆரம்பித்தேன். லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள், தண்ணீர்ச் சூடு சரியாக வைக்கத் தெரியாது, சாயம் என்றால் என்ன என்று எனக்கல்லவா தெரியும் என்று விலாவாரியாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில், அவருக்குப் பின்னால் தொங்கிய இரண்டு பெட்டூனியாப் பைகள், இரண்டு வாளித் தண்ணீரின் கனத்தில் மெல்ல மெல்ல இறங்கி, நாற்காலியின் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் சொகுசாக வந்து உட்கார்ந்தன. வயிறு நிறைந்த மனிதர் பின்னால் சாய்ந்தார்.

"குளுகுளுன்னு இருக்கு சார் ஒங்க இடம்" என்றார்.

"செடி இருக்குதல்லங்க" என்றேன்.

கவிதா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்து, ஊற்று என்று தலையாட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ரசம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, பேச்சை முடிக்கிற இடத்துக்கு வந்தேன்.

"அட, நீங்க எந்த டெஸ்ட்டு வேணும்னாலும் எடுங்க சார். என்ற துணில ஒரு சொட்டுச் சாயம் போகாது."

ஆறுமுகம் சார் கை கழுவ எழுந்து, குழாய்ப் பக்கம் திரும்பினார். முதுகு முழுவதும் மெரூன். சும்மா கறையாகக்கூட இல்லை. பனியன் துணியின் கண்ணி கண்ணியான பின்னல் அச்சு அசலாக விழுந்திருந்தது. கீழே வேட்டியாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும், நல்லவேளையாகக் கறுப்புப் பேண்ட்.

அவர் முதுகில் ஈரம் பட்டுக் கையால் தடவிப் பார்த்தார். கையைப் பார்த்தார். நாற்காலிமேல் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செம்மண்ணுங்க சார்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். இன்றுவரை, அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டையைக் கழற்றினார். உள் பனியனோடு போய், தன் கைப்பையைத் திறந்து, கிரே ஸ்கேல் அட்டையை எடுத்தார். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, அட்டையை அதன்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். டெஸ்ட் எடுக்கிற முறை ஒன்றுகூடத் தவறவில்லை.

"ரெண்டு" என்றார். "லேப்காரப் பய சரியாத்தான் போட்டிருக்கான்."

நான் இன்னொரு முறை வாயைத் திறந்தேன். அதற்குள் கவிதா முன்னால் வந்துவிட்டாள்.

"சாயந்தானுங்க சார். பத்து நாளாச் சொல்லிட்டிருக்கறனுங்க. குண்டாவுல காட்டுனேன், சாக்ஸுல காட்டுனேன். இவரு செம்மண்ணு செம்மண்ணுன்னே சொல்றாருங்க. இந்தத் துணியத் தெச்சு அனுப்புனா, அந்தக் கொழந்தைக அம்மாமாரு ஒரு தடவ தொவச்சாப் போதுமுங்க, வெள்ளக் காலரு ரோஸ் ஆயிரும்."

முதல் ஆர்டர் போயிற்று, பதினான்கு வருடப் பேர் போயிற்று, பழைய முதலாளியிடம் என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று அந்த நிமிடமே மனதுக்குள் வசனம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறுமுகம் சார் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்தத் தொழில்ல இருபது வருசத்துல, எங்க துணி சாயம் போகும்னு சொன்ன முதல் வீடு இதுதான்" என்றார். "எட்டு நாள் டைம் தாரேன். பட்டறைக்குத் திருப்பி அனுப்பி மறுபடி அலசி, சாயம் நிக்கறதுக்கு மருந்து போட்டுக் கொண்டாங்க. லேபுக்கு அப்புறம் போலாம். மொதல்ல அம்மா பாக்கட்டும். அம்மா சரின்னு சொன்னா நான் வாரேன். நீங்க சொல்லாண்டாம்."

அவர் போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டுமே என்று நான் உள்ளே ஓடி, பீரோவில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்து நீட்டினேன். அது நான் எனக்கென்று பெரிய அளவில் தைத்து வைத்திருந்த அதே மெரூன் டி-ஷர்ட், வெள்ளைக் காலர். ஆறுமுகம் சார் அதைப் பார்த்தார்.

"இது வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, உள் பனியனோடே காரில் ஏறிப் போனார்.

துணி பட்டறைக்குத் திரும்பிப் போய், வந்தது. கவிதா அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பை தைத்து, மண் போட்டு, துளசியை நட்டு, அடியில் வெள்ளை குண்டாவை வைத்து, மூன்று நாள் தண்ணீர் ஊற்றினாள். நான் அந்த மூன்று நாளும் குண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் குண்டாவில் வெறும் மண் தண்ணீர் கிடந்தது. செம்மண் தண்ணீர் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் நான் முதல் முறையாகப் பார்த்தேன். அந்த மெரூனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

லேபிலும் நாலு வந்து, ஆர்டர் கப்பல் ஏறியது, அடுத்ததும் வந்தது. யூனிட்டில் இன்றைக்குக் குவாலிட்டியைக் கவனிப்பது கவிதாதான். ஆறுமுகம் சார் போன் போட்டால் என்னிடம் "நல்லாருக்கீங்களா" என்பதோடு சரி, பிறகு "அம்மாகிட்ட குடுங்க" என்பார். பேட்டியோவில் பதினைந்து பைகளை அவிழ்த்தாயிற்று. அவள் கேட்ட நாலு தொட்டியும் இரண்டு நாற்காலியும் இருக்கின்றன. ஒரே ஒரு பை மட்டும் சட்டத்தில் தொங்குகிறது, அடியில் வெள்ளை குண்டாவோடு. எந்த லாட் வந்தாலும் அதில் ஒரு துண்டு பையாகி முதலில் அங்கேதான் போகும்.

போன மாதம் எனக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "லேப் தப்பு, நான் இனிப்பே தொடறதில்ல" என்றேன். சோபாவில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"செம்மண்ணுங்களாப்பா?"

மறுபடி டெஸ்ட் எடுக்கப் போகவில்லை. காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன்.